எண்ணிக்கை சரி

"பன்னிரண்டு ஏ" என்று படித்தாள். பிறகு பெயரைப் படித்தாள். படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். நான்காவது வரிசையில் ஒரு பெரியவர், வகுப்பில் ஆஜர் சொல்கிற மாதிரி கையைத் தூக்கினார். நர்ஸ் ஒருத்தி அவரை நோக்கி நடந்தாள். பெயரைப் படித்தவள் பட்டியலில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.

விமான நிலையத்தின் கருத்தரங்கக் கூடத்தில் ஏசியைக் குறைக்க யாருக்கும் தோன்றவில்லை. கையில் கிடைத்ததைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தவர்கள் குளிரில் தோள்களைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் இருந்த காப்பி இயந்திரத்தில் 'இலவசம்' என்று யாரோ ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். அதன் பக்கம் ஒருவரும் போகவில்லை.

'விபத்து' என்று சொல்லக் கூடாது, 'நிகழ்வு' என்றுதான் சொல்ல வேண்டும் என்று விமான நிறுவன மேலாளர் ஊழியர்கள் எல்லோரையும் நிற்க வைத்துச் சொல்லியிருந்தார். 'இறந்தவர்கள்' கிடையாது, 'பயணிகள்'. ஊழியர்கள் அழக் கூடாது. தண்ணீர் பாட்டிலைக் கொடுக்கும்போது மூடியைத் திறந்து கொடுக்க வேண்டும். இந்தக் கடைசி விதியை யார் யோசித்தாரோ, அந்த ஆளுக்கு மட்டும் கொஞ்சம் மனசு இருந்திருக்கிறது. பட்டியலைப் படிக்கும் வேலை அவளுக்கு வந்ததற்குக் காரணம் அவள் குரல். அறிவிப்புகளுக்கு வழக்கமாக அவளைத்தான் கூப்பிடுவார்கள். தெளிவான குரல், எந்தப் பெயரும் அதில் சிக்காது.

"பதினான்கு சி."

குரல் சிக்கியது. தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். பிறகு பெயரைப் படித்தாள்.

இரண்டாவது வரிசையில் இருந்த பெண் அழவில்லை. கீழே விழுந்த எதையோ தேடப் போகிறவள் போல நாற்காலியிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்தாள். கூட வந்திருந்த அவளுடைய மாமனார், "இரும்மா... இரும்மா..." என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எதற்கு இருக்கச் சொல்கிறார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அந்தப் பெயருக்குரியவர் சாகவில்லை. அந்தக் கூடத்தில் அது தெரிந்த ஒரே ஆள் பட்டியலைக் கையில் வைத்திருந்தவள்தான். அந்த மனிதரைக் காலையில் அவள்தான் விமானத்தில் ஏறவிடாமல் திருப்பி அனுப்பினாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், தரையில் கிடக்கிறவள் எழுந்துவிடுவாள். ஆனால் சொன்ன மறு நிமிடம் யாராவது ஒருவர் கேட்பார், அப்படியானால் பதினான்கு சி-யில் போனது யார் என்று.

டிக் போட்டாள். அடுத்த வரிக்குப் போனாள்.

*

அவள் வேலை பார்ப்பது நான்காம் கவுண்டரில். அங்கே எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தராத இரண்டு வழக்கங்கள் இருந்தன. ஒன்று, கவுண்டர் கடிகாரம் மூன்று நிமிடம் முந்தி ஓடும். தாமதமாக மூடிவிட்டார்கள் என்று ஒருமுறை மெமோ வாங்கிய யாரோ அப்படித் திருப்பி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பின்னால் வந்த எவரும் அதைச் சரிசெய்யவில்லை. மூன்று நிமிடம் முன்னால் மூடினால் மூன்று நிமிடம் முன்னால் டீ குடிக்கலாம்.

இன்னொன்று, பேனாச் சீட்டு. அடிக்கடி பயணம் செய்கிற வாடிக்கையாளர்களுக்கான சீட்டை வேலை தொடங்கியதுமே அச்சடித்து ரப்பர் பேண்ட் போட்டு வைத்துவிடுவார்கள். கவுண்டர் மூடும் வரை ஆள் வரவில்லை என்றால், முறைப்படி அவர் பெயரைக் கணினியில் நீக்கி, காத்திருக்கிற ஒருவர் பெயரை ஏற்றி, புதுச் சீட்டு அச்சடிக்க வேண்டும். அந்தக் கணினி ஒவ்வொரு பக்கத்துக்கும் முக்கி முனகும். அதனால் அச்சடித்த சீட்டிலேயே பழைய பெயரைப் பேனாவால் அடித்து, 'மாற்று' என்று எழுதி, ஒரு கையெழுத்துப் போட்டு ஆளை அனுப்பிவிடுவார்கள். சோதனையிலும் வாசலிலும் அந்தக் கையெழுத்தைப் பார்த்தால் விட்டுவிடுவார்கள். விமானம் கிளம்பக் கால் மணி நேரம் இருக்கும்போது கணினியில் அதன் பக்கம் பூட்டிக்கொள்ளும், அதற்குள் திருத்திக்கொள்ளலாம். ஆறு வருடத்தில் அவள் நூறு பேனாச் சீட்டாவது எழுதியிருப்பாள். ஒருநாளும் பிசகியதில்லை.

பதினான்கு சி-யின் சொந்தக்காரருக்குக் கவுண்டரில் 'திங்கள் சார்' என்று பெயர். திங்கட்கிழமை தவறாமல் வருவார், திங்கட்கிழமை தவறாமல் கடைசி நிமிடத்தில் வருவார். பெட்டியை இழுத்துக்கொண்டு, "இருக்கேன், இருக்கேன், மூடிடாதீங்க" என்று தூரத்திலிருந்தே கத்துவார். அவருக்காகவே ஒருநாள் கண்ணெதிரே கவுண்டரை மூட வேண்டும் என்று அவர்கள் பேசிச் சிரித்ததுண்டு.

இன்று காலை அண்ணன் வந்தபோது மணி ஆறரை. அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். வேறு ஊரில் ஓர் ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்றுபோய், நோயாளிகளை மாடிப்படியில் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று முந்தின நாள் போன் வந்திருந்தது. பஸ்ஸில் போனால் எட்டு மணி நேரம். ஊழியர் குடும்பத்துக்கான காத்திருப்புச் சீட்டில் போகச் சொல்லி அவள்தான் வரவழைத்தாள். அவன் அதுவரை விமானத்தில் ஏறியதில்லை.

"இருபது வருஷமா மேலயும் கீழயுமே போயிட்டிருக்கேன். பக்கவாட்டுல போறது இன்னிக்குத்தான் மொத தடவ" என்றான், பக்கத்துக் கவுண்டர் பெண்ணும் கேட்கும்படி.

"சத்தம் போடாத. ஓரமா நில்லு. சீட் இருந்தா கூப்பிடுறேன்."

"சரிங்க மேடம்."

அவள் இந்தச் சீருடையைப் போட்ட நாளிலிருந்து அவனுக்கு அவள் மேடம்தான். வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாலும் மேடம்.

ஏழு மணிக்கு, அதாவது கவுண்டர் கடிகாரத்தின் ஏழு மணிக்கு, ரப்பர் பேண்டில் ஒரே ஒரு சீட்டுதான் மிச்சம் இருந்தது. அவள் அண்ணனைக் கையசைத்துக் கூப்பிட்டு, பெயரின் குறுக்கே கோடு போட்டாள்.

"இந்தாளு வந்துட்டா?" என்று அண்ணன் கேட்டான்.

"வரமாட்டாரு. வந்தாலும் மூடியாச்சு."

அவன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "இன்னும் மூணு நிமிஷம் இருக்கேடி. பாவம், ஓடி வந்துட்டிருப்பாரு. எனக்கொண்ணும் அவசரமில்ல, பத்து மணி ஃப்ளைட்டுல போறேன்."

"நோயாளியத் தூக்கிட்டுப் போறாங்கன்னு நீதான சொன்ன?"

"ஆமா, சொன்னேன்."

"அப்ப வாய மூடிட்டுக் கிளம்பு. வாசல் ஆறு. ஓடு."

அப்போதும் அவன் நின்றான். கவுண்டருக்கு மேலாகக் கையை நீட்டி அவன் தோளைப் பிடித்துத் தள்ளினாள். "போண்ணா! என் வேலைய எனக்குச் சொல்லித் தராத!"

அவன் போனான். சோதனை வாசலில் திரும்பிப் பார்த்து, எந்தப் பக்கம் என்று கையால் கேட்டான். இடது என்று காட்டினாள். அடுத்த நிமிடமே திங்கள் சார் வந்துவிட்டார்.

அன்றைக்குத்தான் அவர் நேரத்துக்கு வந்திருந்தார். போனை எடுத்து மணியைக் காட்டினார். ஆறு ஐம்பத்தெட்டு. "ரெண்டு நிமிஷம் இருக்கும்மா! பாரு!" என்று கத்தும்போதே அந்தப் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்தது. அவர் கோபம் இரண்டு மடங்கானது. சூப்பர்வைசர் வந்து, கவுண்டர் கடிகாரத்தை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "மூடியாச்சு சார்" என்றார். அவருக்கும் கடிகாரத்தின் கதை தெரியும். திங்கள் சார் புகார்ப் புத்தகம் கேட்டார், எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். கடைசியில், "உங்க விமானமே எனக்கு வேண்டாம், நான் கார்ல போய்க்கிறேன்" என்று பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே போனபோது ஏழு இருபத்தைந்து. கணினியில் அந்த விமானத்தின் பக்கம் பூட்டிவிட்டிருந்தது. இனி இறங்கிய பிறகுதான் திருத்த முடியும். ஒன்பது மணிக்கு ஒரு செய்தி அனுப்பினால் முடிந்தது என்று நினைத்தாள். அடுத்த விமானத்துக்கான வரிசை அதற்குள் கதவு வரை போயிருந்தது.

விமானம் ஏழு நாற்பதுக்குக் கிளம்பியது. எட்டு ஆறுக்கு மலைச்சரிவில் விழுந்தது.

*

பட்டியலைத் தொலைக்காட்சியில் போட்ட ஐந்தாவது நிமிடம் அண்ணி கூப்பிட்டிருந்தாள்.

"இல்லடி! பேர் இல்ல! நாலு தடவ பாத்துட்டேன். மேலேர்ந்து கீழ, கீழேர்ந்து மேல. இல்லவே இல்ல!" அழுகையும் சிரிப்புமாகக் குரல் குழறியது. "போன் மட்டும் போக மாட்டேங்குது. பஸ்ல ஏறியிருப்பாரு. சீட் இல்லன்னா பத்து மணி, அதுவும் இல்லன்னா பஸ்னு சொல்லிட்டுத்தான் போனாரு. மலைப்பாதைல எங்க சிக்னல் கிடைக்கும்? நீ காலைல பாத்தியா அவர?"

"பாத்தேன் அண்ணி. ஒரே கூட்டமா இருந்துச்சு."

"அதான! கூட்டத்துல எங்க சீட் கிடைக்கும்? நல்ல வேள. உன் கம்பெனி இன்னிக்குத்தான் ஒரு நல்ல காரியம் பண்ணிருக்கு." சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டது போல நிறுத்தினாள். "ஐயோ, தப்பா சொல்லிட்டேன். செத்துப் போனவங்கல்லாம் பாவம். நீ தைரியமா இரு, என்ன?"

பாத்தேன் என்றதும் உண்மை, கூட்டம் என்றதும் உண்மை. இரண்டு உண்மைகளைச் சேர்த்து ஒரு பொய் செய்ய முடியும் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. இருந்தாலும் வெட்கமில்லாமல் ஒரு நினைப்பும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் ஏறாமல் இருந்திருக்கலாம். பிடிவாதக்காரன். அந்த மனிதர் பாவம் என்று நினைத்து எங்கேயாவது மூலையில் உட்கார்ந்து பத்து மணிக்குக் காத்திருந்திருக்கலாம். ஒன்பது மணிக்கு எல்லா விமானங்களையும் நிறுத்தியதும் பஸ்ஸுக்குப் போயிருக்கலாம். அண்ணி சொல்வதுபோல மலைப்பாதையில் சிக்னல் இல்லாமல் இருக்கலாம்.

பட்டியலைப் படித்து முடித்ததும் ஆறாம் வாசலுக்கு ஓடினாள்.

வாசலில் சீட்டைக் கிழித்து அனுப்புகிற நெட்டையன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கிழித்த சீட்டுகளின் பாதிகளை எண்ணி உறையில் போட்டுக்கொண்டிருந்தான். அவனும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"நூத்தி முப்பத்திரெண்டு. மூணு தடவ எண்ணிட்டேன். எண்ணிக்கை சரி" என்றான், யாரோ அவளைக் கேட்டு வரச் சொல்லி அனுப்பியதைப் போல.

"பதினாலு சி-ய எடு."

அவன் நிமிர்ந்து பார்த்தான். உறையில் தேட வேண்டியிருக்கவில்லை. அதை மட்டும் தனியாகச் சட்டைப்பையில் வைத்திருந்தான். நீலப் பேனாவின் கோடு, 'மாற்று', அவளுடைய கையெழுத்தின் முன்பாதி.

"நீ கணினில திருத்திட்டன்னு நெனச்சேன். பட்டியல் வந்தப்புறம்தான் பாத்தேன். உன்கிட்ட எப்படிக் கேக்கறதுன்னு தெரியல" என்றான்.

"ஏறினானா?"

"ஏறினாரு."

"நல்லாத் தெரியுமா? திரும்பி எறங்கல?"

"நான்தான் கதவு வரைக்கும் கூடப் போனேன். பேசிட்டே வந்தாரு." நெட்டையன் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தான். "பத்து மணிக்குப் போறேன்னேன், எங்க வீட்டு மேடம் பிடிச்சுத் தள்ளி விட்டுட்டாங்கன்னு சிரிச்சாரு. ஜன்னல் சீட்டான்னு கேட்டாரு. இல்ல, சி நடைபாதை ஓரம்னேன். பரவால்ல, திரும்பி வரும்போது பாத்துக்கறேன்னாரு."

இரண்டு மணி நேரமாக அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்த பஸ் நின்றுவிட்டது. அண்ணன் செத்துப் போய்விட்டான். வெயில் அடிக்கிற ஒரு திங்கட்கிழமை காலையில், நடைபாதை ஓரத்துச் சீட்டில், இன்னொருவர் பெயரில்.

"என் பேர இதுல இழுத்துடாத" என்றான் நெட்டையன் மெதுவாக. சொன்ன உடனே முகத்தைக் கையால் பொத்திக்கொண்டான். "ச்சே, என்ன மனுசன் நான்... இழு. பரவால்ல, இழு."

*

மேலாளர் அவளைக் கேள்வி எதுவும் கேட்காமல் முழுதாகச் சொல்லவிட்டார். காலையிலிருந்து நாற்பது போன் பேசியதில் அவர் தொண்டை கட்டியிருந்தது.

"பட்டியல் மேலிடத்துக்குப் போயாச்சு. எண்ணிக்கை சரியாத்தான் இருக்கு" என்றார் கடைசியில்.

"எண்ணிக்கை சரி சார். ஆள் தப்பு."

"உன் சொந்த அண்ணனா?"

தலையசைத்தாள். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, அவளுக்கு எதிரில் உட்காராமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கெட்டவர் இல்லை. அவளுடைய அப்பா இறந்தபோது கேட்காமலே பத்து நாள் விடுப்புக் கொடுத்தவர்.

"இப்ப நீ போய்ச் சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சியா? உன் வேலை போகும், அது கிடக்கட்டும். கடிகாரம், பேனாச் சீட்டு எல்லாம் வெளிய வரும். பட்டியல்ல ஒரு பேர் தப்புன்னா மத்த நூத்தி முப்பத்தோரு குடும்பமும் வந்து நிக்கும், எங்காளும் ஏறியிருக்கமாட்டான், சரியாப் பாருங்கன்னு. செத்தவங்கள அவங்க ரெண்டாவது தடவ சாகக் கொடுக்கணும்."

"அந்தம்மா தரையில உக்காந்திருக்காங்க சார்."

"அவரு கார்லதான போறாரு? எங்கயாவது நிறுத்துவாரு, போன சார்ஜ் போடுவாரு, கூப்பிடுவாரு. அவரே சொல்லட்டுமே. ரெண்டு மணி நேரம் பொறு. நான் மேல பேசிட்டு முறையா அறிவிக்கறேன்."

அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. நியாயத்துக்காக அவள் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு மணி நேரம் என்றால் அண்ணிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் புருஷன் உயிரோடு இருப்பான். அதைப் பிடுங்குகிற கையாகத் தன் கை இருக்க வேண்டாம் என்றுதான் தலையை ஆட்டினாள். இன்னொருத்தியின் இரண்டு மணி நேரத்தை எடுத்துத்தான் இதைக் கொடுக்கிறோம் என்பதும் தெரிந்தேதான் இருந்தது.

கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினாள். புகார்ப் புத்தகத்தில் திங்கள் சார் எழுதியிருந்த எண்ணைத் தன் போனில் போட்டுப் பார்த்தாள். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. மறுபடி போட்டாள். ஏழு தடவை போட்டாள்.

*

கூடத்துக்குத் திரும்பியபோது வாசலிலேயே கால் நின்றுவிட்டது. இரண்டாவது வரிசையில், திங்கள் சாரின் மனைவிக்குப் பக்கத்தில், தரையில் அண்ணி உட்கார்ந்திருந்தாள்.

அவளைப் பார்த்ததும் அண்ணி கையைத் தூக்கினாள். "இங்க வாடி. போன் பண்ணா எடுக்கவே மாட்டேங்கற. காலைலேர்ந்து பச்சத் தண்ணி குடிச்சிருக்க மாட்டன்னு தெரியும், அதான் கிளம்பி வந்துட்டேன். இந்தா, ரொட்டி. ரெண்டு வாய் தின்னு."

ஒரு கையால் டப்பாவை நீட்டினாள். இன்னொரு கை அந்தப் பெண்ணின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது. அண்ணிக்கு அதுதான் பழக்கம். ஆஸ்பத்திரியோ பஸ்ஸோ, பக்கத்தில் ஒருவர் அழுதால் அவர் யார் எவர் என்று கேட்கமாட்டாள், முதலில் முதுகைத் தடவுவாள். உன் பொண்டாட்டிக்கு அழவே தெரியாதா என்று யாராவது கேட்டால், அவளுக்கு மத்தவங்க முதுகு தடவவே நேரம் சரியாப் போகுது என்று அண்ணன் கேலி செய்வான்.

"இவங்க வீட்டுக்காரர்டி" என்றாள் அண்ணி, தாழ்ந்த குரலில். "வாராவாரம் போறவராம்."

அவள் டப்பாவை வாங்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

அண்ணி அவள் காதருகே குனிந்தாள். "எனக்குக் குத்தமா இருக்குடி. பட்டியல்ல அவர் பேர் இல்லன்னதும் நான் சத்தமாச் சிரிச்சேன். கை தட்டினேன். அதே நேரத்துல இவங்க இங்க உக்காந்துட்டு..." வார்த்தை முடியவில்லை. "அவர் வந்ததும் சொல்லணும். இனிமே எங்க போனாலும் போன எடுக்கலன்னா கால ஒடச்சிடுவேன்னு."

திங்கள் சாரின் மனைவி முதல்முறையாக வாயைத் திறந்தாள். யாரிடம் என்றில்லாமல், தரையைப் பார்த்துப் பேசினாள்.

"நான்தான் விரட்டினேன். எப்பவும் லேட்டாத்தான் போவாரு. ஒருநாளாவது நேரத்துக்குப் போங்களேன், அங்க நிக்கறவங்க உங்களப் பாத்துச் சிரிக்கறாங்கன்னு பெட்டியத் தூக்கி வெளிய வெச்சேன். டிபன்கூடச் சாப்பிட விடல. எப்பவும் போல போயிருந்தா இன்னிக்கு ஃப்ளைட்ட விட்டிருப்பாரு. நான்தான் பிடிச்சுத் தள்ளினேன்."

"அப்படிச் சொல்லாதீங்க" என்றாள் அண்ணி. "நமக்கென்ன தெரியும்? நல்லதுக்குத்தான தள்ளினீங்க."

அவளுக்குள் எதுவோ அறுந்தது. இந்தப் பெண் செய்யாத ஒன்றைச் செய்ததாகச் சொல்லி அழுகிறாள். செய்தவள் எதிரில் ரொட்டி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு மணி நேரம் வேண்டாம். இரண்டு நிமிடம்கூட வேண்டாம்.

"அவர் ஏறல" என்றாள்.

அண்ணிதான் முதலில் திரும்பினாள். "யாரு?"

"இவங்க வீட்டுக்காரர். விமானத்துல அவர் ஏறல. நேரத்துக்குத்தான் வந்தாரு. ஆறு ஐம்பத்தெட்டுக்கு வந்தாரு. நான்தான் கவுண்டர மூடிட்டேன்னு விடல. என்கிட்டச் சண்டை போட்டாரு. போன்ல சார்ஜ் இல்ல. கார்ல போறேன்னு போனாரு. ஏழு இருபத்தஞ்சுக்கு வெளிய போறத என் கண்ணால பாத்தேன்."

மாமனார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "என்னம்மா சொல்ற? நீதானம்மா பேரப் படிச்ச?"

"பேர் இருக்குங்க ஐயா. அவரு இல்ல."

"உயிரோட..." என்றார் பெரியவர். அதற்கு மேல் வராமல் பக்கத்தில் இருந்த ஒரு முன்பின் தெரியாத ஆளின் கையைப் பிடித்துக் குலுக்கினார். திங்கள் சாரின் மனைவி அவள் முகத்தையே பார்த்தாள். நம்பினால் ஏமாந்துவிடுவோமோ என்ற பயம் அந்தக் கண்ணில் இருந்தது. "சத்தியமா?" என்று கேட்டாள். "சத்தியமா" என்றாள் அவள். அந்தப் பெண் தரையில் கையூன்றி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அண்ணி அவளை அப்படியே கட்டிக்கொண்டாள். சொந்தத் தங்கைக்கு நல்லது நடந்த மாதிரி முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "பாத்தீங்களா! பாத்தீங்களா! எங்க வீட்டுக்காரரும் இப்படித்தாங்க. பஸ்ல போயிட்டிருக்காரு. ரெண்டு பேரும் வழியில எங்கயாவது டீக்கடைல பாத்துக்கப் போறாங்க!" நான்கைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி குரலைத் தாழ்த்திக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி அவள் பக்கம் திரும்பினாள். "ஏன்டி இத இவ்வளவு நேரம் சொல்லாம வெச்சிருந்த? பாவம், எப்படித் துடிச்சுப் போயிட்டாங்க. இது என்ன ரகசியமா?"

அவள் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள்.

"உன் கம்பெனில பயமுறுத்தினாங்களா? ஒரு சீட் காலியாப் போனத மறைக்கறதுல இவனுங்களுக்கு என்னதான் லாபம்?"

"காலியாப் போகல அண்ணி."

அண்ணியின் முகத்தில் இன்னும் சிரிப்பு மிச்சம் இருந்தது. அது எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றது.

"காலைல அவரப் பாத்தேன்னியே" என்றாள்.

"பாத்தேன்."

"கூட்டம்னு சொன்னியே."

"கூட்டம்தான். பத்து மணிக்குப் போறேன்னான் அண்ணி. மூணு நிமிஷம் இருக்கு, பாவம் அந்தாளு வந்துடுவாருன்னான். நான்தான் வாய மூடிட்டுப் போன்னேன். நான்தான் தோளப் பிடிச்சுத் தள்ளினேன்." குரல் தெளிவாகவே வந்தது. அந்தத் தெளிவைக் கேட்க அவளுக்கே சகிக்கவில்லை. "என்ன அடிங்க அண்ணி."

அண்ணி அடிக்கவில்லை. அழவும் இல்லை. அவள் கை இன்னமும் அந்தப் பெண்ணின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது, மேலிருந்து கீழாக, மறுபடி மேலிருந்து கீழாக. அந்த முதுகுக்கு இப்போது அது தேவையில்லை என்று கைக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

திங்கள் சாரின் மனைவிதான் முதலில் புரிந்துகொண்டாள். மெல்ல முன்னால் நகர்ந்து, அந்தக் கையைத் தன் முதுகிலிருந்து எடுத்து, இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துப் பிடித்துக்கொண்டாள். அண்ணியின் விரல்கள் அந்தக் கைகளை இறுக்கிக்கொண்டன.

அப்போது அந்தப் பெண்ணின் மடியில் இருந்த போன் அடித்தது. குனிந்து பார்த்தாள். பெரியவரும் எட்டிப் பார்த்தார். "அவன்தாம்மா! அவன்தான்! எடும்மா!" என்றார்.

அவள் எடுக்கவில்லை. எடுப்பதற்கு ஒரு கையை விடுவிக்க வேண்டியிருந்தது. போன் மடியிலேயே அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது. கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும் அடிக்கத் தொடங்கியது.